வீட்டில் சிறுதொழில் தொடங்குகிறீர்களா? க்யூஆர் ஒட்டுவதற்கு முன் சில காகித வேலைகள்

2025 ஜூலையில் கர்நாடகத்தில் டீக்கடை, பேக்கரி, பெட்டிக்கடை வைத்திருந்த பலருக்கு அங்குள்ள வணிகவரித் துறையிலிருந்து நோட்டீஸ் போனது. யூபிஐ வழியாக அவர்கள் கணக்கில் விழுந்த தொகையை வருடவாரியாகக் கூட்டி, இவ்வளவு வரவு இருக்கிறதே, ஏன் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். செய்தி டிவியில் ஓடிய மறுநாள் காலையிலேயே, எங்கள் தெருவில் தாம்பூலப் பை தைத்து விற்கிற அக்கா பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன்.

ஸ்டேட்மென்ட்டில் ஒரு வருட வரவு 43 லட்சம். "நாற்பதைத் தாண்டினா ஜிஎஸ்டின்னு சொல்றாங்களே தம்பி, நானும் மாட்டிக்குவேனா?"

பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தோம். மகளிர் குழுத் தவணையை எல்லோரும் இவருக்கு ஜிபே செய்ய, இவர் மொத்தமாகக் கட்டுகிறார். அது 11 லட்சம். துபாயில் இருக்கும் மகன் அனுப்பியது 7 லட்சம். நகையை அடகு வைத்து எடுத்தது, மறு அடகு வைத்தது எல்லாம் 6 லட்சம். தன்னுடைய இன்னொரு கணக்கிலிருந்து இங்கே மாற்றியது 4 லட்சம். ஆக, பை விற்று வந்தது வெறும் 15 லட்சம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேருக்கு நாலு மணி நேரம் ஆனது. அதிகாரி கேட்டிருந்தால் இந்த 28 லட்சத்துக்கும் அக்காதான் வரி வரியாக விளக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை பணத்தைப் பிரிப்பதில்தான் ஆரம்பிக்கும், ஜிஎஸ்டியில் அல்ல. அக்காவின் கதையையே பிடித்துக்கொண்டு போகிறேன். நீங்கள் முறுக்கு சுட்டாலும் மொபைல் சர்வீஸ் செய்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில்: உத்யம், அப்புறம் கரண்ட் அக்கவுண்ட்

தனி ஆளாக நடத்தும் தொழிலுக்கு, அதாவது புரொப்ரைட்டர்ஷிப்புக்கு, பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தனி பான் கார்டும் கிடையாது. உங்கள் பான்தான் கடையின் பான். ஆனால் கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கப் போனால், அந்தப் பெயரில் ஏதாவது அரசு காகிதம் கொண்டு வாருங்கள் என்று பேங்கில் கேட்பார்கள். அங்கேதான் உத்யம், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, கைகொடுக்கும்.

உத்யம் பதிவு முழுக்க ஆன்லைன். ஆதாரும் பானும் போதும், எந்த ஆவணத்தையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தேடினால் முதலில் வந்து நிற்பவை அரசு முத்திரை போலவே ஏதோ ஒன்றை ஒட்டிக்கொண்டு, இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கிற தனியார் தளங்கள். நானே முதல் தடவை என் தங்கைக்காக அப்படி ஒன்றில் 2,499 ரூபாய் கட்டிவிட்டு, பிறகுதான் விழித்தேன். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

படிவத்தில் ஒரே ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று கேட்கும். துணி வாங்கி வெட்டித் தைப்பது உற்பத்தி. 'கடைதானே' என்று வியாபாரத்தை டிக் அடித்துவிட்டால், பாக்கி வசூலுக்குச் சட்டம் தருகிற ஒரு நல்ல ஆயுதம் கைநழுவிப் போகும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சான்றிதழ் வந்ததும் கரண்ட் அக்கவுண்ட், அதற்கொரு தனி க்யூஆர். மினிமம் பேலன்ஸைக் கேட்டு மலைப்பாக இருந்தால், குறைந்தபட்சம் இன்னொரு சேமிப்புக் கணக்கையாவது தொழிலுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பேங்க்காரர்களுக்குப் பிடிக்காது என்றாலும், எல்லாம் ஒரே குட்டையில் கலப்பதை விட அது மேல். வீட்டுச் செலவுக்கு வேண்டுமென்றால் மாதம் ஒரு தொகையை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரொக்க விற்பனைக்கு ஒரு நோட்டு: தேதி, யார், எத்தனை பை, எவ்வளவு. அக்காவின் நோட்டைக் கூட்டியதில் ரொக்கம் இரண்டரை லட்சம் வந்தது. ஆக உண்மையான விற்றுமுதல் பதினேழரை லட்சம். யூபிஐயில் வருவது மட்டும்தான் கணக்கில் சேரும் என்று நினைப்பவர்கள் நிறைய. விற்றுமுதல் என்றால் ரொக்கமும் சேர்த்துத்தான்.

இடம், மின்சாரம், தொழில் வரி

சொந்த வீடு என்றால் வீட்டு வரி ரசீது அல்லது ஈபி பில். அது கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தால், இன்ன தொழில் நடத்த எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒன்று. வாடகை என்றால் ஒப்பந்தத்தில் தொழில் நடத்தலாம் என்ற வரி இருக்க வேண்டும். 'குடியிருப்புக்கு மட்டும்' என்று எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு உள்ளே நாலு ஓவர்லாக் மெஷின் ஓட்டினால், வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வரும் அன்றைக்கு அந்த ஒரு வரியே உங்களை வெளியேற்றப் போதும்.

மின்சாரத்தை யாரும் யோசிப்பதில்லை. வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது அனுமதி இல்லாத பயன்பாடு என்று முடிவானால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். தமிழ்நாட்டில் குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவே இருக்கிறது. மெஷின் எண்ணிக்கை கூடும்போது உங்கள் ஏரியா மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தொழில் வரி என்பது வருமான வரியும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை. பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. எவ்வளவு சம்பாதித்தாலும் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போக முடியாது; அந்த வரம்பு அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அங்கே போகும் நாளிலேயே, உங்கள் தொழிலுக்கு உள்ளாட்சி உரிமம் வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுப் பொருள் என்றால் இதோடு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் கட்டாயம். அந்த 14 இலக்க எண் இல்லாமல் பாக்கெட் போடாதீர்கள்.

ஜிஎஸ்டி வேண்டுமா?

இங்கேதான் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு வரம்பு 40 லட்சம். சேவை செய்பவருக்கு 20 லட்சம். இரண்டும் ஒரு நிதியாண்டில், உங்கள் பான் எண்ணில் நடக்கும் எல்லா வியாபாரத்தையும் சேர்த்து.

பதினேழரை லட்சம்தான் என்று தெரிந்ததும் அக்கா முகத்தில் உயிர் வந்தது. அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "பை எல்லாமே நீங்க துணி வாங்கித் தைக்கிறதா, இல்ல கூலிக்கும் தைக்கிறீங்களா?"

"பிரிண்டிங்காரர் காடா துணி கட்டுக் கட்டா கொண்டாந்து போடுவார். பீசுக்கு ரெண்டு ரூவா கூலி."

சிக்கல் அதுதான். அடுத்தவர் துணியை வாங்கிக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது ஜாப் ஒர்க், சட்டப்படி அது சேவை. 40 லட்சச் சலுகை பொருள் 'மட்டும்' விற்பவருக்குத்தான். கூலி வேலையும் கலந்து செய்கிற அக்காவுக்கு வரம்பு 20 லட்சம். ஆக அவர் 40க்கு ரொம்பத் தூரத்தில் இல்லை, 20க்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார். ஒரு தை மாத முகூர்த்தக் கூட்டம் போதும், தாண்டிவிடும். தையல், கேட்டரிங், பிரிண்டிங் என்று பொருளும் உழைப்பும் கலந்த தொழிலில் இருப்பவர்கள் இந்த ஒரு பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

இரண்டாவது பொறி, மாநில எல்லை. பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் வரம்பெல்லாம் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். ஓசூரில் இறங்கும் கட்டுக்குப் பதிவு தேவையில்லை. அதே கட்டு எல்லை தாண்டிக் கர்நாடகத்தின் அத்திபெலேயில் இறங்கினால் தேவை. கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் உண்டு, மெஷினில் தைத்த பைக்கு அதை நம்பிப் போகாதீர்கள். சேவைக்கு மட்டும் இந்த எல்லைத் தொல்லை இல்லை, வெளி மாநிலத்துக்குச் செய்தாலும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஆன்லைன் தளங்களில் விற்க ஒரு காலத்தில் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கிக்கொண்டு விற்கலாம்.

அப்படியானால் வரம்புக்குள் இருப்பவர் தானாக முன்வந்து எடுக்கலாமா? வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜிஎஸ்டி உள்ள கடைகள், கம்பெனிகள் என்றால் எடுங்கள். அவர்களுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்டுவதில் கழித்துக்கொள்ளும் வசதி, வேண்டும், உங்கள் பில்லில் அது இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள்தான் வாடிக்கை என்றால் அவசரப்படாதீர்கள். 'ஒரு கெத்துக்கு' ஜிஎஸ்டி எடுத்த ஒருவர், வியாபாரமே தொடங்காமல் ஐந்து மாதம் கழித்து என்னிடம் வந்தார். விற்பனை இல்லாவிட்டாலும் நில் ரிட்டர்ன், அதாவது எதுவும் விற்கவில்லை என்ற கணக்கு, போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு நில் ரிட்டர்னுக்கு 500 வரை. வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி ஒன்றுக்கே கிட்டத்தட்ட 2,000 ஆகியிருந்தது, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தனி. தொடர்ந்து ஆறு மாதம் விட்டிருந்தால் பதிவே ரத்தாகியிருக்கலாம்.

எடுப்பதென்று முடிவானால்

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாள் அவகாசம். அரசுக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், போட்டோ, இடத்துக்கான காகிதங்கள் போதும். சிலரை விரல்ரேகைக்காக நேரில் வரச் சொல்வார்கள். விண்ணப்பத்தில் சந்தேகம் இருந்தால் அதிகாரி ஆன்லைனிலேயே விளக்கம் கேட்பார், ஏழு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும். மெயிலைப் பார்க்காமல் விட்டு விண்ணப்பம் தள்ளுபடியானவர்கள் ஏராளம். கிடைக்கும் எண் 15 இலக்கம். தமிழ்நாடு என்றால் 33ல் தொடங்கும், அடுத்த பத்து எழுத்துகள் உங்கள் பான். யாராவது தரும் பில்லில் இருக்கும் எண் உண்மையா என்று ஜிஎஸ்டி தளத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள் காம்போசிஷன் என்ற எளிய ஜிஎஸ்டி முறையை எடுக்கலாம். உற்பத்தியாளரும் வியாபாரியும் விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஆனால் அந்த 1 சதவீதம் உங்கள் கைக்காசு, வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. உள்ளீட்டு வரியும் திரும்பக் கிடைக்காது. வெளி மாநிலத்துக்கு விற்கவும் முடியாது. பெங்களூர் ஆர்டரை மனதில் வைத்துப் பதிவு எடுப்பவருக்கு இது ஆகாது.

சாதாரணப் பதிவில் விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். காலாண்டு முடிந்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டில் 22ஆம் தேதிக்குள் 3பி. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கான வரியை மட்டும் அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25க்குள் கட்ட வேண்டும். சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பிறகு பதிவு எடுத்த அக்கா அமாவாசைக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறார், மறக்கவே இல்லை.

பதிவு இல்லாதவர்களுக்கு ஒன்று. பில் புக் அடித்து, வரிசை எண் போட்டு, தாராளமாகப் பில் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அதில் 'ஜிஎஸ்டி' என்று ஒரு பைசாகூடத் தனியாக வசூலிக்காதீர்கள். அது குற்றம்.

வருமான வரி: குறைத்துக் காட்டி என்ன மிச்சம்?

சிறு தொழிலுக்கு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி என்ற பிரிவு ஒரு வரம். 2 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள், ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி வரை உள்ளவர்களும், விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமலே பேங்க் வழி வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று காட்டி ஐடிஆர்-4 என்ற வருமான வரிப் படிவம் போடலாம். 1961ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர் ஆபீஸ்களில் இன்னும் 44ஏடி என்றுதான் பேச்சு.

அக்கா கணக்கில், 15 லட்சத்துக்கு 90,000, ரொக்கம் இரண்டரை லட்சத்துக்கு 20,000, மொத்தம் 1,10,000 ரூபாய் லாபம். வரி சுத்தமாக இல்லை. எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் சட்டம் சொல்வது 'குறைந்தது இவ்வளவு' என்றுதான். அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். நூல், துணி, ஆள்கூலி எல்லாம் போக அக்காவுக்கு வருடம் நாலு லட்சத்துக்கு மேல் நிற்கிறது. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடியால் வரி வராது. பிறகு எதற்கு ஒரு லட்சம் என்று காட்ட வேண்டும்? நாளைக்குப் பவர் மெஷின் வாங்க எட்டு லட்சம் கடன் கேட்டுப் போனால், மேனேஜர் கேட்பது கடந்த இரண்டு மூன்று வருட ஐடிஆர். மாதம் ஒன்பதாயிரம் சம்பாதிக்கிறவருக்கு எட்டு லட்சம் எப்படிக் கொடுப்பார்?

பிரிண்டிங்காரர் கூலியில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே கழித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடித்திருந்தார். அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. வருமான வரித் தளத்தில் நம் பெயரில் பிடித்த வரியையும் வரவுகளையும் காட்டும் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகள் இரண்டையும் இறக்கிப் பார்த்ததில் நாலாயிரத்துச் சொச்சம் நின்றது. ரிட்டர்ன் போட்டால் அது திரும்பி வரும், போடாவிட்டால் அரசாங்கத்துக்கே. பான் கொடுக்காமல் வேலை செய்தால் 20 சதவீதம் பிடிப்பார்கள், ஜாக்கிரதை.

ரொக்கத்தில் இரண்டு எண்களை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. கைமாத்து 20,000 அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. மீறினால் அபராதம் அந்தத் தொகை அளவுக்கே போகும்.

பாக்கி நின்றால்

உத்யத்தில் உற்பத்தி என்று டிக் அடிக்கச் சொன்னேனே, அதன் பலன் இங்கே. சேலத்தில் ஒரு கடை அக்காவுக்கு 84,000 பாக்கி வைத்து, கேட்டபோதெல்லாம் 'அடுத்த முகூர்த்தம்' என்றது. 2006ஆம் வருடக் குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் மத்திய அரசுத் தளத்தில் பில்லை ஏற்றிப் புகார் செய்யலாம். அதோடு, இந்தக் கெடுவுக்குள்ளும் மார்ச் 31க்குள்ளும் தராத பாக்கியை, பொருள் வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. புகாரை விட இந்த ஒரு வாக்கியத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்குத்தான் சேலத்துக்காரர் அசைந்தார். மார்ச் மாதத்தில் அனுப்பினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். பொருள் அனுப்புவதற்கு முன்பே உத்யம் கையில் இருந்தால் வாதமே வராது.

அசைந்தார் என்றால், செக் கொடுத்தார். செக் திரும்பி வந்தது.

இங்கே நாள் கணக்குதான் எல்லாம். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், பேங்க் தரும் ரிட்டர்ன் மெமோவைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள், செக் தொகையைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ், கிடைத்ததற்கு அத்தாட்சி வரும்படி ஸ்பீட் போஸ்ட்டில். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள். அதற்குள்ளும் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் புகார். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு உங்கள் கணக்கு இருக்கும் பேங்க் கிளை உள்ள ஊரில்தான் நடக்கும், சேலத்துக்கு அலைய வேண்டாம்.

பழைய செக் ஒன்றில் அக்கா இந்த 30 நாளைக் கோட்டை விட்டவர். 'அடுத்த வாரம் போடுங்கக்கா' என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருந்து, மூன்று மாதமும் முடிந்து செக் செத்துப்போனது. இந்த முறை மெமோ வந்த நாலாம் நாளே நோட்டீஸ் போனது. வக்கீலுக்குச் செலவு செய்ய முடியாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி 15100.

உங்களுக்கே வருமான வரித் துறையிலிருந்தோ மத்திய ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்தோ நோட்டீஸ் வந்தால், முதலில் அதில் டின் (DIN) எனப்படும் ஆவண எண்ணைத் தேடுங்கள். வருமான வரித் தளத்திலும் மத்திய மறைமுக வரி வாரியத் தளத்திலும் அந்த எண்ணைப் போட்டு அசலா என்று பார்க்க இடம் இருக்கிறது. போலியென்றால் கிழித்துப் போடலாம். அசலென்றால் கெடு தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், ரொக்க நோட்டு, பில் புக் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கணக்கு தெரிந்த ஒருவரிடம் போங்கள். அக்கா போன மாதம் அப்படித்தான் வந்தார், தாம்பூலப் பையிலேயே. பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.